நாட்டையே பூட்டிவைத்த ஷோகன்... ஒரு பைன் தொட்டியிடம் மயங்கிய கதை!

ஆன்லைனில் போன்சாய் கிட் வாங்கிய அனுபவம் உண்டா? சின்ன டப்பா. உள்ளே ஒரு கைப்பிடி மண், ஒரு குட்டித் தொட்டி, ஒரு பொட்டலத்தில் பைன் விதைகள். அட்டையில் மட்டும் பாறையைக் கட்டிப்பிடித்து நிற்கும் ஒரு கிழட்டு மரத்தின் போட்டோ. ஆறே மாசத்துல நம்ம டேபிள்லயும் இப்படி ஒண்ணு நிக்கும் என்று மனசு கணக்குப் போடும்.

நிக்காது. அந்த விதைக்கும் அந்த போட்டோவுக்கும் நடுவில் 30, 40 வருஷம் இருக்கிறது. சில மரங்களுக்கு அதற்கும் மேலே, பல மனித ஆயுள்கள்.

டோக்கியோவில், ஜப்பான் பேரரசரின் அரண்மனை போன்சாய்களில் ஒரு பைன் மரம் இருக்கிறது. வயது குறைந்தது 500 என்கிறார்கள். இன்னும் தொட்டியில்தான் நிற்கிறது. மூன்றாம் ஷோகனின் பைன் என்று அதற்குப் பெயர். அந்த மூன்றாம் ஷோகன்தான் டோகுகவா இயெமிட்சு. ஜப்பான் வரலாற்றில் கொஞ்சம் பயத்தோடு சொல்லப்படும் பெயர். அவர் ஹீரோவா வில்லனா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பிடிக்காத பிள்ளை

1604-ல் எடோ கோட்டையில் பிறந்தார் இயெமிட்சு. எடோ என்பது இன்றைய டோக்கியோ. அப்போது கியோட்டோவில் பேரரசர் என்று ஒருவர் இருந்தார். ஆனால், அவர் பெயருக்குத்தான். படை, பணம், அதிகாரம் எல்லாம் ஷோகன் கையில். அந்தப் பதவியைத் தன் குடும்பச் சொத்தாக மாற்றியவர் தாத்தா இயெயாசு. இரண்டாவது ஷோகன் அப்பா ஹிடெடாடா. மூன்றாவது யார் என்பதில்தான் சிக்கல் வந்தது.

குழந்தையில் இயெமிட்சுவின் பெயர் டகேசியோ. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிற, பேச்சு திக்குகிற பிள்ளை. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த தம்பியோ துறுதுறு, பார்த்தவர்களுக்கெல்லாம் பிடித்துப்போகிற ரகம். அம்மா ஒயெயோவுக்கு உயிரே தம்பிதான். அப்பாவும் அதே பக்கம் சாய்ந்தார். வீட்டுக்குள் யாருக்கு மவுசு என்பதை வேலைக்காரர்கள்தான் முதலில் மோப்பம் பிடிப்பார்கள், இல்லையா? கோட்டையில் இருந்த பெரிய தலைகள் எல்லாம் தம்பி இருக்கும் பக்கம் நகர ஆரம்பித்தன.

தம்பியின் குழந்தைப் பெயரை குனிச்சியோ என்றும், குனிமட்சு என்றும் குறிப்பிடுகிறார்கள். மட்சு என்றால் ஜப்பானிய மொழியில் பைன் மரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டகேசியோவுக்கு இருந்த ஒரே துணை செவிலித்தாய் ஒஃபுகு. பின்னாளில் கசுகா நோ ட்சுபோனே என்ற பட்டத்தோடு கோட்டையின் உள்வீட்டையே ஆண்ட பெண்மணி. நிலைமை கை மீறுகிறது என்று தெரிந்ததும், கோயிலுக்கு யாத்திரை போவதாகச் சொல்லிவிட்டு, ஓய்வில் இருந்த தாத்தாவைப் பார்க்க சுன்புவுக்கே போய்விட்டாள் என்று கதை சொல்கிறது. தாத்தா எடோவுக்கு வந்தார். எல்லார் முன்னாலும் பெரிய பேரனை மட்டும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். பின்னாலேயே ஏறி வந்த சின்னவனைக் கீழே உட்காரச் சொன்னார். பலகாரமும் முதலில் பெரியவனுக்கு. அவ்வளவுதான். அடுத்த ஷோகன் யார் என்று அந்த ஒரு தட்டில் முடிவாகிவிட்டது.

இயெமிட்சு தாத்தாவைக் கடைசிவரை மறக்கவில்லை. கனவில் தாத்தா வரும்போதெல்லாம், அந்தக் கனவில் கண்ட உருவத்தை ஓவியர் கானோ டான்யுவைக் கொண்டு படமாக வரையவைத்தார். அப்படி வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அப்பாவுக்கு இப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

தம்பியின் முடிவு

1623-ல் பட்டம் வந்தது. ஆனால், அப்பா உயிரோடு இருந்தவரை கடிவாளம் அவர் கையில்தான். 1632-ல் அவர் இறந்த பிறகுதான் இயெமிட்சு நிஜமான ஷோகன். தாத்தாவும் அப்பாவும் போர்க்களத்தில் உங்களோடு தோள் உரசி நின்றவர்கள், நான் அப்படி இல்லை, பிறக்கும்போதே ஷோகன் என்கிற அர்த்தத்தில் அவர் குறுநில மன்னர்களிடம் பேசினார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆட்சி அப்படித்தான் இருந்தது.

தம்பி டாடநாகா அப்போது சுருகா பகுதியின் பெரிய பிரபு. அம்மா 1626-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு தம்பியின் போக்கு மோசமானது. வேலைக்காரர்களைக் கொல்கிறான் என்று புகார்கள். அப்பா இருக்கும்போதே, 1631-ல், அவரை ஒதுக்கி வைத்தாகிவிட்டது. அப்பா போனதும் அண்ணன் நிலத்தைப் பிடுங்கினார், டகாசாகி என்ற ஊரில் அடைத்துவைத்தார். 1634 தொடக்கத்தில், வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி ஆனது. தம்பிக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை.

அதே 1634-ல் இயெமிட்சு 3 லட்சத்துக்கும் அதிகமான ஆட்களோடு கியோட்டோவுக்கு ஊர்வலம் போனார். 1635-ல் ஜப்பானியர்கள் யாரும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது, போனவர்கள் திரும்பி வரக் கூடாது என்று உத்தரவு. மீறினால் மரணம். 1639-ல் போர்ச்சுகீசியர்களுக்குக் கதவடைப்பு. 1641-ல் டச்சு வியாபாரிகளை நாகசாகியில் டெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் தள்ளிவிட்டார். அந்தப் பூட்டு 200 வருஷத்துக்கும் மேலே தொங்கியது.

சட்டியில் இருந்த இன்னொரு நாடு

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. தொட்டி மரங்கள்.

போன்சாய் என்ற சொல் அப்போது இந்த அளவுக்குப் புழக்கத்தில் இல்லை. ஹச்சி நோ கி என்பார்கள். தொட்டியில் இருக்கும் மரம், அவ்வளவுதான் அர்த்தம். அதே பெயரில் ஒரு நோ நாடகமும் உண்டு. பனி கொட்டும் ராத்திரியில், நொடித்துப்போன ஒரு சாமுராய் வீட்டுக்கு முன்பின் தெரியாத துறவி ஒருவர் வருகிறார். குளிர்காய விறகு இல்லை. மிச்சமிருந்த மூன்று தொட்டி மரங்களை, ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன், வெட்டி அடுப்பில் வைக்கிறார் சாமுராய். வந்தவர் துறவி வேஷத்தில் இருந்த பழைய ஆட்சியாளர் என்பது பிறகுதான் தெரிகிறது. தொட்டி மரம் என்றால் ஏழையின் கடைசிச் சொத்து, பெருமை, மனசு என்று எல்லாமாகவும் இருக்க முடியும் என்று அந்த ஊருக்கு நன்றாகவே தெரியும்.

இயெமிட்சுவின் கையில் இருந்ததாகச் சொல்லப்படும் மரம் ஐந்தூசிப் பைன். ஒரே கொத்தில் ஐந்து ஊசி இலைகள் இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஜப்பானின் மலைகளில் வளர்வது. கடற்கரையில் வளரும் கறுப்பு பைன் முரட்டு ஆள் என்றால், இது கொஞ்சம் அமைதி. இலை குட்டை, வளர்ச்சி மெதுவோ மெது.

எவ்வளவு மெது என்று தெரிய, விதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஷோகன் காலத்துத் தொட்டி மரங்கள் பெரும்பாலும் மலையிலிருந்து பெயர்த்து வந்தவைதான். ஆனால், மலையிலும் எல்லாம் விதையில்தானே தொடங்குகிறது?

பைன் விதை நட்டவுடன் முளைக்காது. அதற்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பனிக்காலம் முழுசாகக் கடந்துவிட்டது என்று நம்பினால்தான் கதவைத் திறப்பான். மலையில் அந்த வேலையைப் பனி செய்கிறது. இன்று வீட்டில் வளர்ப்பவர்கள் ஈர மணலில் விதையைக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து அவனை ஏமாற்றுகிறார்கள். கறுப்பு பைனுக்கு ஒன்றிரண்டு மாதம் போதும். ஐந்தூசிப் பைன் அதைவிட அதிகம் கேட்கும்.

முளைத்ததும் பார்க்கத் தமாஷாக இருக்கும். விதையின் ஓட்டையே தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். தொப்பி விழுந்ததும் நட்சத்திரம்போல் பச்சை விரல்கள் விரியும். இந்த நேரத்தில்தான் அதிகம் செத்துப்போகும். தண்ணீர் கொஞ்சம் கூடினால், மண்ணை ஒட்டிய தண்டில் பூஞ்சை பிடித்து, ராத்திரி நன்றாக இருந்த நாற்று காலையில் படுத்துக் கிடக்கும்.

போன்சாய்க்கு என்று வளர்ப்பவர்கள் இதற்கு மேலும் ஒரு காரியம் செய்வார்கள். சில வாரமே ஆன நாற்றை எடுத்து, வேர் மொத்தத்தையும் பிளேடால் வெட்டி எறிந்துவிடுவார்கள்! பைன் இயல்பில் ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும். தட்டையான தொட்டிக்கு அது ஆகாது. வேரில்லாத அந்தத் தண்டை மறுபடி மணலில் நட்டால், பிழைக்கிறவை சுற்றிலும் பக்கவேர் விடும். 50 வருஷம் கழித்து மரத்தின் அடி, கோழிக்கால் மாதிரி நாலாபக்கமும் பிடித்து நிற்க வேண்டும் என்றால், இந்த வெட்டு இப்போதே விழ வேண்டும். ஐந்தூசிப் பைன் இதெல்லாம் தாங்கி வளர ரொம்ப நாளாகும் என்பதால், கறுப்பு பைன் வேரில் ஒட்டுக்கட்டி விற்பதும் சகஜம்.

அடிமரம் பருக்கவும் ஒரு தந்திரம் உண்டு. கீழே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல், காட்டில் வளர்வதைப்போல இஷ்டத்துக்கு ஓட விடுவார்கள். அது ஓட ஓட அதைச் சுமக்கும் தண்டு பருக்கும். ஐந்தாறு வருஷமோ, இன்னும் அதிகமோ ஆகி, தண்டு போதும் என்றதும் அந்தக் கிளையை அடியோடு அறுத்துவிடுவார்கள். வளர்த்ததே வெட்டுவதற்காக. காயம் ஆற இன்னும் சில வருஷம். வசந்தத்தில் பைன் கிளை நுனிகளில் மெழுகுவத்தி மாதிரி தளிர் நிமிர்ந்து வரும். அதையும் அப்படியே விட முடியாது. ஐந்தூசிப் பைனில் இளசாக இருக்கும்போதே விரலால் கிள்ளிச் சின்னதாக்க வேண்டும். ஒரு வருஷம் சும்மா விட்டால் உருவம் குலைந்துவிடும்.

இதில் எந்த இடத்திலும் ஷோகனின் உத்தரவு செல்லாது. 3 லட்சம் பேரை நடக்கவைக்கலாம். ஒரு தளிரை ஒரு நாள் முன்னாடி வரவைக்க முடியாது. இயெமிட்சு ஏன் அந்தத் தொட்டிகள் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கென்னவோ, அவரைப் பார்த்துப் பயப்படாத ஒரே உயிர் அந்தக் கோட்டையில் அதுதான் என்று தோன்றுகிறது.

தொட்டியைத் தூக்கி எறிந்த கிழவர்

அது முழு உண்மை இல்லை. பயப்படாத இன்னொருவரும் இருந்தார். ஓகுபோ ஹிகோசாயெமோன். தாத்தா இயெயாசு காலத்துப் போர்வீரர், 1560-ல் பிறந்தவர். பழைய காலத்து விசுவாசம் எல்லாம் போச்சு என்று புலம்பி ஒரு புத்தகமே எழுதியவர். நம் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டும் தாத்தாவைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள், கையில் வாளோடு.

ஜப்பானில் பரம்பரையாகச் சொல்லும் கதை இது. ஷோகன் ஆட்சியைக் கவனிக்காமல் தொட்டி மரங்களிலேயே பொழுதைக் கழிக்கிறார் என்று கிழவருக்கு ஆத்திரம். ஒரு நாள், இயெமிட்சு உயிராக வைத்திருந்த மரம் ஒன்றைத் தொட்டியோடு தூக்கித் தோட்டத்தில் வீசி எறிந்துவிட்டார். கூடி நின்றவர்களுக்கு மூச்சே நின்றிருக்கும். சொந்தத் தம்பியையே விட்டுவைக்காதவர் ஆயிற்றே!

கிழவரின் தலை போகவில்லை. 1639-ல் வயதாகித்தான் இறந்தார். நடந்ததா, பிற்காலத்தில் ஊதிப் பெருக்கியதா என்பது வேறு. ஹிகோசாயெமோனைப் பற்றி இப்படி ஏகப்பட்ட கதைகள் ஜப்பானில் உலவுகின்றன. ஆனால், ஷோகனின் மரக்கிறுக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருந்தால்தான் இப்படி ஒரு கதை ஒட்டும்.

கிழவரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1637-ன் கடைசியில் தெற்கே ஷிமபாராவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். தாங்க முடியாத வரி. கூடவே கிறிஸ்தவர்கள் மீது கொடூரமான வேட்டை. பாழடைந்த ஹாரா கோட்டைக்குள் புகுந்துகொண்டார்கள், பெண்கள், குழந்தைகளோடு. ஷோகனின் படை மாதக்கணக்கில் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. 1638 வசந்தத்தில் கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்தவர்களை ஏறக்குறைய ஒருவர் பாக்கியில்லாமல் கொன்றார்கள். சுமார் 37,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அடுத்த சில வருஷங்களில் நாடு முழுக்கப் பஞ்சம் வேறு. பைன் தளிரைக் கிள்ளத் தெரிந்த கைக்குச் சொந்தக்காரர்தான் இதற்கும் பொறுப்பு.

இயெமிட்சு போட்ட இன்னொரு உத்தரவு, யாரும் எதிர்பார்க்காத ஒரு வேலையைச் செய்தது. குறுநில மன்னர்கள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் எடோவில் வந்து இருக்க வேண்டும், மனைவியும் வாரிசும் நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டும் என்று 1635-ல் சட்டமாக்கினார். பணயக் கைதிகள்தான், நாகரிகமாகச் சொன்னால் விருந்தாளிகள். ஆனால், நூற்றுக்கணக்கான பிரபுக்களுக்கு மாளிகை வேண்டும், மாளிகைக்குத் தோட்டம் வேண்டும், தோட்டத்துக்குத் தோட்டக்காரர் வேண்டும். எடோவின் ஓரத்தில் சொமெய் போன்ற கிராமங்கள் நாற்றங்கால் ஊர்களாகவே மாறின. தொட்டிச் செடிப் பித்து கோட்டையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது.

மரம் யாருடையது?

1651-ல் இயெமிட்சு எடோ கோட்டையில் இறந்தார். வயது 46. அவருக்கு நெருக்கமாக இருந்த சில அதிகாரிகள் கூடவே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வாரிசு இயெட்சுனாவுக்கு 10 வயதுகூட நிரம்பவில்லை. உடலை நிக்கோ மலைக்குக் கொண்டுபோய், தாத்தாவின் நினைவாலயத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்கு எழுப்பிய கட்டடங்கள் தாத்தாவின் ஆலயத்தைப் பார்த்தபடி, அதைவிட ஒரு படி எளிமையாக இருக்கும்.

அவர் 1638-ல் கட்டி முடித்த எடோ கோட்டையின் பிரமாண்டமான நடுக்கோபுரம் 1657 தீ விபத்தில் எரிந்துபோனது. வெறும் 19 வருஷம். மறுபடி கட்டவே இல்லை. அவர் போட்ட பூட்டு 1850-களில் திறந்தது. 1868-ல் டோகுகவா குடும்பத்தின் ஆட்சி முடிந்து, கோட்டை பேரரசரின் அரண்மனையானது. 1923-ல் பூகம்பம் ஊரைச் சாய்த்தது. 1945-ல் குண்டுவீச்சில் அரண்மனையும் எரிந்தது.

பைன் தொட்டியில் இருக்கிறது.

தொட்டி மரத்துக்குச் சேமிப்புக் கணக்கு கிடையாது. தரையில் நிற்கும் மரம் ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்ளும். சின்னத் தொட்டியில் இருப்பதற்குக் கோடையில் சில நாள் தண்ணீர் நின்றாலே கதை முடிந்தது. இயெமிட்சு இறந்து 370 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கணக்குப் போட்டால் 1,35,000 நாள்களைத் தாண்டும். அந்த நாள்களில் யாரோ ஒருவர் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பஞ்சத்தில், தீயில், போரில், ஆட்சி மாறிய காலையில்கூட. சில வருஷத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, பழைய வேரைக் கழித்து, புது மண் போட்டு மறுபடி நட்டிருக்கிறார்கள். பைன் வேரில் வெள்ளையாக ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும். நாற்றைக் கொல்லும் பூஞ்சை வேறு, இது வேறு. இது மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் தேடித் தரும் கூட்டாளி. அதனால் பழைய மண்ணில் கொஞ்சத்தைக் கூடவே விட்டுவைப்பது வழக்கம்.

அந்தத் தோட்டக்காரர்களில் ஒருவர் பெயர்கூட மரத்தில் இல்லை. முதலில் மலையில் அந்த விதை எங்கே விழுந்தது என்பதற்கும் சாட்சி இல்லை. இயெமிட்சு பிறக்கும்போதே மரத்துக்கு வயது 80-ஐ நெருங்கியோ தாண்டியோ இருக்க வேண்டும். அதனுடைய நீண்ட வாழ்க்கையில் அவர் ஒரு சின்ன அத்தியாயம். ஆனாலும் பெயர் அவருடையது.

சரி, அந்த கிட் டப்பா இன்னும் பிரிக்காமல் கிடக்கிறதா? விதைகளை முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு நாள் வையுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பொக்கு, எடுத்துவிடலாம். மூழ்கியதை மட்டும் ஈர மணலில் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்காலமே எட்டிப்பார்க்காத ஊரில் இருந்தால் ஜப்பான் பைன் முளைத்தாலும் நிலைப்பது கஷ்டம், ஊட்டி மாதிரி இடத்தில் இருந்தால் தைரியமாக முயற்சி பண்ணலாம். டப்பாவின் மேல் தேதி எழுத மறந்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது எடுத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.